புலிகளில் எந்தப் புலி?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி அணிகளில் எத்தனை புலிகள்! எந்தச் சின்னம் உசத்தி, ஐயா?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: தென் கரோலினா மாநிலத்தின் கிளெம்சன் பல்கலைதான், தம்பி. முழுப் புலியை வரையாமல் ஆரஞ்சு நிறப் பாதத்தடம் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். 1970-இல் வந்தது, சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகம் அனுப்பிய நிஜப் புலியின் பாத அச்சுதான் மூலம். தடம் சற்றுச் சாய்ந்திருக்கும். அப்போதெல்லாம் ஆட்டம் மதியம் ஒரு மணிக்குத் தொடங்கும். கடிகார முள்ளின் சாய்வாம் அது! தூரத்திலிருந்து பார்த்தாலும் அடையாளம் தப்பாது.

லூசியானா மாநிலப் பல்கலையில் மைக் என்ற உயிர்ப் புலியையே வளர்க்கிறார்கள். சின்னம் எதற்கு? அலபாமாவின் ஆபர்ன் பல்கலையும் புலிதான், ஆனால் சின்னத்தில் பின்னிய இரண்டு எழுத்துகள்தான், கோஷமோ கழுகுக்கு!

நம் கேப் டவுன் பல்கலை ரக்பி அணியும் 'ஐக்கி டைகர்ஸ்'. ஆப்பிரிக்கக் காட்டில் ஏது புலி? நம்மூர்ச் சிறுத்தை கோபித்துக்கொள்ளாதா?