ஆசிரியர் பற்றாக்குறை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஆசிரியர் வேலைக்கு இளைஞர்கள் வருவதில்லை, அதைக் கவர்ச்சியுள்ள தொழிலாக்க வேண்டும் என்று பேசுகிறார்கள். என் மகள் பி.எட். முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறியவள். வியாசர்பாடியில் ஒரு தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் நடத்துகிறாள். கால் சென்டர் ஒன்றில் இதைவிடக் கூடுதலாகத் தருகிறார்களாம். போகச் சொல்லலாமா?

ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

அன்புள்ள வாசகருக்கு,

வர விரும்பியவர்கள் வாசலிலேயே நிற்கிறார்கள் என்பதற்கு உங்கள் மகளே சாட்சி. 2013இல் தகுதித் தேர்வில் தேறிய பலர் பணிக்குக் காத்திருக்கும்போதே, 2018இல் வந்த அரசாணை 149 நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வையும் எழுதச் சொன்னது. 2022இல் காலியிடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தபோது தொடக்க வகுப்புகளுக்கான இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000 ரூபாய் என்று தொகுப்பூதியம் நிர்ணயித்தார்கள். தண்டையார்பேட்டையில் வாடகைக்குக் குடியிருப்பவர் இதை வாங்கி வீட்டுக்காரருக்குக் கொடுப்பாரா, மளிகைக் கடைக்குக் கொடுப்பாரா?

நிரந்தரப் பணி கிடைத்தாலும் மனக்குறை தீர்வதில்லை. 2009 ஜூன் 1க்கு முன் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்றும், அதன்பின் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய் என்றும் வகுத்ததில், ஒரே வகுப்புக்கு ஒரே பாடம் நடத்தும் இருவரிடையே விழுந்த இடைவெளிக்காகத்தான் 'சம வேலைக்குச் சம ஊதியம்' கேட்டு இத்தனை ஆண்டுகளாகப் போராடுகிறார்கள்.

சம்பளத்தைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. ராயபுரத்தில் ஒரு பள்ளியில், வருகைப் பதிவைச் செயலியில் ஏற்றுவதற்காக, சிக்னல் தேடிக் கைபேசியுடன் வராந்தாவில் நின்ற ஆசிரியையைப் பார்த்தேன். உள்ளே பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் மாணவர் விவரங்களைப் பதிவது, வாக்காளர் பட்டியல் வேலை எல்லாம் அவர்கள் தலையில்தான். பள்ளிக்கு ஓர் எழுத்தரைப் போட்டால் போதும், பாதி எரிச்சல் அடங்கிவிடும். இதைச் செய்யாமல் ஆசிரியர் தின விழாவில் பொன்னாடை போர்த்துவதால் யாரும் ஈர்க்கப்படப் போவதில்லை.

உங்கள் மகள் போகட்டும். அதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை. தகுதித் தேர்வுச் சான்றிதழ் இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும். ஆகவே ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வரும்போது மட்டும் தவறாமல் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.