பிரெட் அஸ்டேர் ஆடும்போது கேமரா ஏன் அவரைத் தலை முதல் கால் வரை காட்டிக்கொண்டே இருக்கிறது?

பிரெட் அஸ்டேர் (1899–1987) அமெரிக்காவின் ஒமாஹா நகரில் பிறந்து, சிறுவயதிலேயே அக்கா அடேலுடன் மேடையேறிய நடனக் கலைஞர். 1932-இல் அக்கா திருமணத்திற்காக மேடையை விட்டு விலகியபின், அடுத்த ஆண்டே ஹாலிவுட் படங்களில் தோன்றினார். நடிகை ஜிஞ்சர் ராஜர்ஸுடன் மட்டும் பத்துப் படங்கள்.

நீங்கள் காண்பது முழு உருவக் காட்சி: ஆடுபவரின் உடல் முழுவதும் திரைக்குள் இருக்க, வெட்டுகள் மிகக் குறைவாக, நடனம் நீண்டு ஓடும். அன்றைய பல இசைப்படங்களில் முகம், கால், கூட்டம் என்று காட்சி தாவிக்கொண்டிருந்தது. நடனத்தை உடல் முழுவதும் சேர்ந்தே ஆடுகிறது என்பதால் அஸ்டேர் அதை ஏற்கவில்லை. பந்து வீச்சாளரின் ஓட்டத்தையும் தாவலையும் கைச்சுழற்சியையும் தொடர்ச்சியாகப் பார்த்தால்தானே அந்த வீச்சின் அழகு பிடிபடும்?

இம்முறையில் தவறை ஒளிக்க இடமில்லை. ஆகவே நடன அமைப்பாளர் ஹெர்மிஸ் பானுடன் அவர் வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்தார். 1936-இல் வெளியான 'ஸ்விங் டைம்' படத்தின் இறுதி நடனத்தைத் திரும்பத் திரும்ப எடுத்ததில் ராஜர்ஸின் காலணிக்குள் ரத்தம் கசிந்தது. அந்த உழைப்பின் சுவடே திரையில் தெரியாதது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. 1951-இல் 'ராயல் வெட்டிங்' படத்தில் அவர் சுவரிலும் கூரையிலும் ஆடுவதற்காக, அறையையே சுழலும்படி கட்டி, கேமராவை அதனுடன் பிணைத்திருந்தார்கள்.

தரையைத் தட்டி ஆடும் அவருடைய காலணியின் தாள ஒலி ஆடும்போதே பதிவானது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான படங்களில், படப்பிடிப்பு முடிந்தபின் திரையைப் பார்த்தபடி அவரே மீண்டும் ஆடி அந்த ஒலியைத் தனியாகப் பதிவு செய்தார்.