சாப்பிட்ட பின் மட்டும் 236: மூலிகைப் பொடி உதவுமா?

கேள்வி: வெறும் வயிற்றில் எனக்குச் சர்க்கரை 118; சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக் கருவியில் பார்த்தால் 236. மாத்திரையுடன் ஒரு மூலிகைப் பொடியையும் சாப்பிட்டால் இறங்கிவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். இத்தகைய பொடிகள் சிலவற்றில் சர்க்கரையை இறக்கும் கிளிபென்கிளமைடு போன்ற ஆங்கில மருந்தையே அரைத்துக் கலந்திருப்பது பல நாடுகளில் சோதனையில் பிடிபட்டிருக்கிறது. உங்கள் மாத்திரையோடு அளவு தெரியாத இன்னொரு மாத்திரையும் சேர்ந்தால் நள்ளிரவில் சர்க்கரை 70க்குக் கீழே சரிந்துவிடலாம். அப்போது விற்றவர் அருகில் இருக்கமாட்டார்.

இனி அந்த 236. இரண்டு மணி நேரத்தை முதல் கவளத்திலிருந்து கணக்கிட வேண்டும், கை கழுவிய நேரத்திலிருந்து அன்று. பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினாலும் எண் ஏறும். இதையெல்லாம் சரிசெய்த பிறகும் பெரும்பாலோருக்கான இலக்காகிய 180ஐத் தாண்டினால், உணவுக்கு ஈடாக இன்சுலின் உரிய நேரத்தில் சுரக்கவில்லை என்று பொருள். காலை எண் நன்றாக இருப்பதால் இது கண்ணில் படுவதில்லை. சோதனை நாளன்று மட்டும் பாதி வயிறு சாப்பிட்டு நல்ல எண் வாங்கி வருபவர்கள் தங்களைத்தான் ஏமாற்றிக்கொள்கிறார்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் ரத்தம் எடுக்கும் ஆய்வகங்களும் அதற்குத் துணைபோகின்றன.

தட்டில் காய்கறியையும் புரதத்தையும் முதலில் முடித்து, மாவுச்சத்தைக் கடைசியில், குறைத்துச் சாப்பிடுங்கள். சாப்பிட்டு எழுந்தவுடன் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், வேலை செய்யும் தசைகள் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். மூன்று நாள்களுக்கு ஒவ்வொரு வேளையும் உணவுக்கு முன்னும் பின்னும் அளந்து, என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் மருந்துச் சீட்டை எழுதித் தரும் அவசரத்தில் இதைப் பலரும் சொல்வதில்லை. உங்கள் மாத்திரைகளில் அகார்போஸ் அல்லது வோக்லிபோஸ் இருந்தால் அதை முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும். சாப்பிட்டு முடித்தபின் விழுங்கினால் பெரிதாகப் பயனில்லை. அந்த மாத்திரை குடலில் சர்க்கரை உடைவதைத் தாமதப்படுத்துவதால், வேறு மருந்தால் தாழ்சர்க்கரை வந்து கை நடுங்கி வியர்க்கும்போது வீட்டுச் சர்க்கரையைக் கரைத்துக் குடித்தால் உடனே ஏறாது. குளுக்கோஸ்தான் வேண்டும். 15 கிராம் எடுத்துக்கொண்டு, கால் மணி நேரத்தில் மறுபடி அளந்து பாருங்கள்.

பொடியை ஏற்கெனவே சில நாள் சாப்பிட்டிருந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மீதமுள்ள பாக்கெட்டையும், எழுதிவைத்த எண்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.