ஆராய்ச்சியும் வேண்டும், வார்டும் வேண்டும்: குழந்தை மருத்துவருக்கு என்ன வழி?

கேள்வி: குழந்தை மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்திருக்கிறேன். ஆராய்ச்சியிலும் இறங்க ஆசை. பிஎச்.டி. சேர்ந்தால் வைத்தியம் மறந்துவிடுமா? மூன்று மாதத்தில் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளில் என் பெயரைச் சேர்த்துத் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: பிஎச்.டி. கட்டாயமில்லை. ஆய்வகத்தில் உயிரணுக்களையும் மரபணுக்களையும் ஆராய்வதுதான் உங்கள் களம் என்றால் அது இல்லாமல் திண்டாடுவீர்கள். வார்டுக்கு வரும் குழந்தைகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்குப் புள்ளியியலும் நோய்ப்பரவலியலும் சொல்லித்தரும் முதுநிலைப் படிப்பே போதும். எதில் சேர்ந்தாலும் வாரம் ஒரு நாள் ஓ.பி.யை விடாதீர்கள், வைத்தியம் மறக்காது.

பட்டத்தைவிட முக்கியம் நேரம். ஆராய்ச்சிக்கு வாரத்தில் எத்தனை நாள் என்பதை வேலையில் சேருமுன் ஆணையிலேயே எழுதி வாங்குங்கள். "பார்த்துக்கலாம் டாக்டர்" என்ற வாய்ச்சொல், டியூட்டிக்கு ஆள் குறையும் முதல் வாரமே காற்றில் போய்விடும்.

அந்த ஏஜென்டின் எண்ணை இன்றே அழித்துவிடுங்கள். அவர் விற்பது பெரும்பாலும் இட்டுக்கட்டிய தரவு. ஒரே படம் வெவ்வேறு கட்டுரைகளில் தலைகாட்டும், ஒருநாள் பிடிபடும். கட்டுரை திரும்பப் பெறப்பட்டால் அந்த அறிவிப்பு உங்கள் பெயரோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும், ஏஜென்டின் பெயரோடு அல்ல. ஆய்வில் பங்களித்து, எழுத்தில் கைவைத்து, இறுதி வடிவை ஒப்புக்கொண்டு, முழுமைக்கும் பொறுப்பேற்பவரே கட்டுரையாசிரியர். ஒன்று குறைந்தாலும் இல்லை. பதவி உயர்வுக்குக் கட்டுரைகளின் தலையை எண்ணும் நிர்வாகங்கள்தான் இந்தக் கடைகளை வாழவைக்கின்றன. படித்துப் பார்க்காமல் எண்ணினால் வேறென்ன நடக்கும்?

பழைய கேஸ் ஷீட்டுகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அனுமதியே வேண்டாம் என்றும் இந்த ஏஜென்டுகள் சொல்வார்கள். பொய். பெற்றோர் ஒப்புதலிலிருந்து விலக்குக் கிடைப்பதுண்டு. ஆனால் அதைத் தர வேண்டியது ஆய்வு நெறிமுறைகளைப் பரிசீலிக்கும் எத்திக்ஸ் கமிட்டி, நீங்களாக எடுத்துக்கொள்ள முடியாது. பரிசோதனைக்குப் பின் மீந்த ரத்தத்தைப் பயன்படுத்தினாலும் கமிட்டியைக் கேளுங்கள். ஆய்வுக்கென்று ஒரு சொட்டு கூடுதலாக எடுத்தால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், விவரம் புரியும் வயதுக் குழந்தையின் சம்மதமும் வேண்டும். தரவு சேர்த்து முடித்தபின் முன்தேதியிட்டு அனுமதி வாங்கலாம் என்பவரை அருகிலேயே சேர்க்காதீர்கள்.

எடுக்கும் அளவிலும் கவனம் தேவை. ஆய்வுக்கான ரத்தம் ஒரு தடவைக்கு மொத்த ரத்தத்தில் 1 சதவீதத்தையும், நான்கு வாரத்தில் 3 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல். உடல் எடையில் கிலோவுக்கு 80 மி.லி. ரத்தம் என்று வைத்தால் 3 கிலோ பச்சிளங்குழந்தையிடம் இருப்பது 240 மி.லி. ஆக ஒரு தடவைக்கு 2.4 மி.லி., நான்கு வாரத்தில் 7.2 மி.லி.; ஊசியிலும் பஞ்சிலும் வீணாவதும் இதில் அடக்கம். பெரியவர்களுக்கான ஆய்வுத் திட்டத்தை அப்படியே நகலெடுத்து 5 மி.லி. என்று எழுதினால் கமிட்டி திருப்பி அனுப்பிவிடும். எனவே திட்டத்தை எழுத உட்காருமுன் ஆய்வகத்திடம் எத்தனை மைக்ரோலிட்டரில் (மி.லி.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சோதனையை முடிக்க முடியும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.