தறிக்கூட இரைச்சல்: 84 காட்டியது ஏன் போதாது

உங்கள் ஆய்வேட்டுக்காகத் தறிக்கூடத்தின் நடுவே போனை வைத்து 84 டெசிபல் எடுத்திருக்கிறீர்கள். நிர்வாகம் 'பயமில்லை' என்கிறது, தொழிலாளிகளோ காதில் ரீங்காரம் என்கிறார்கள். தொழிலாளிகளை நம்புங்கள், நீங்கள் அளந்தது அறையை, காதை அல்ல.

டோசிமீட்டர் என்பது ஒருவர் உடலில் அணிந்து, அவர் கேட்கும் மொத்த இரைச்சலை அளக்கும் கருவி. அதன் மைக்கைத் தொழிலாளியின் தோள்மேல், காதிலிருந்து 10 செ.மீ. தள்ளி, தறிப் பக்கமாகக் குத்தி முழு ஷிப்டும் ஓடவிடுங்கள். முன்னும் பின்னும் காலிபரேட்டரில் (தெரிந்த அளவு ஒலியைத் தரும் சோதனைக் கருவி) சரிபாருங்கள்; வித்தியாசம் 0.5 டெசிபலைத் தாண்டினால் அன்றைய அளவு குப்பைக்குத்தான். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைப்படி 85 டெசிபல்-ஏ (காது கேட்கும் விதத்துக்கேற்பத் திருத்திய டெசிபல்) என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வரம்பு. 3 கூடினாலே நேரம் பாதி: 88-க்கு 4 மணிதான்.

ஆய்வேடு முடியட்டும் என்று காத்திராமல், அவரவர் அளவை அன்றே அவரவரிடம் சொல்லுங்கள். நிர்வாகத்துக்குப் பெயரில்லாத தொகுப்பு மட்டும். இதற்கான சம்மதத்தை அளக்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். எண்களைப் பார்த்தபின் கேட்டால் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.