பைப் புகைக்கும்போது நாக்கு எரிவதை எப்படிக் குறைப்பது?

பைப் புகைக்கத் தொடங்கிச் சில வாரங்களே ஆகின்றன, ஒவ்வொரு முறையும் நாக்கின் நுனி கொதிக்கும் பாலைக் குடித்துச் சுட்டுக்கொண்டதுபோல எரிகிறது, மறுநாள் வரை எதிலும் சுவை தெரிவதில்லை, பைப்பை மாற்றுவதா புகையிலையை மாற்றுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு இரண்டையுமே மாற்ற வேண்டாம் என்பது என் பதில். இதே எரிச்சலோடு ஏறக்குறைய ஓராண்டு போராடி, தேவையில்லாமல் இரண்டு பைப்புகளை வாங்கிய பிறகுதான், குற்றம் புகையிலையின் ஈரத்திலும் என் அவசரத்திலும் இருந்தது என்பது எனக்குப் புரிந்தது.

டப்பாவிலிருந்து எடுத்தவுடன் புகையிலை பெரும்பாலும் அளவுக்கு மீறிய ஈரத்தோடு இருக்கும். நறுமணம் ஊட்டிய வகைகளில் உலராமல் இருப்பதற்காகவே புரொப்பிலீன் கிளைக்கால் போன்றவற்றைச் சேர்ப்பதால், அவற்றில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். ஈரமான இலை எரியும்போது புகையோடு நீராவியும் வருகிறது. ஒரு கிராம் நீராவி நீராக மாறும்போது ஏறத்தாழ 540 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது என்பதால், உலர்ந்த புகை தாராத சூட்டை ஈரப்புகை நேராக நாக்கின்மேல் இறக்கிவிடுகிறது. போதாக்குறைக்கு ஈர இலை அடிக்கடி அணைந்துபோகும். அணையவிடக் கூடாதென்று நாம் வேகமாக இழுப்போம். இழுக்க இழுக்கப் பைப்பில் புகையிலை எரியும் கிண்ணம் சூடேறும். தொடக்கநிலையில் இருப்பவர்களின் நாக்கைப் புண்ணாக்குவது பெரும்பாலும் இந்தச் சுழல்தான்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது உலர்த்துவது. ஒரு கிண்ணத்துக்கு வேண்டிய அளவை எடுத்து, வெள்ளைத் தாளில் பரப்பி, அரைமணி நேரமோ ஒரு மணி நேரமோ விட்டுவிடுங்கள். கடிகாரத்தைவிட விரல்களை நம்புவது நல்லது: ஒரு சிட்டிகையை விரல்களுக்கிடையே அழுத்திவிட்டால் அது உருண்டையாக ஒட்டிக்கொண்டு கிடந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, மெல்ல விரிந்து பழைய நிலைக்கு வந்தால் பதம் சரி, நொறுங்கிப் பொடியானால் கை மீறிவிட்டது. பொடியாகுமளவுக்கு உலர்ந்ததும் வேகமாகவும் சூடாகவும் எரியும் என்பதால், காய்ந்தால் நல்லது என்று நாள் முழுக்க வெயிலில் வைத்துவிடாதீர்கள். (நான் வைத்திருக்கிறேன்.)

அடுத்தது நிரப்பும் முறை. அடியில் குழந்தையின் கையால் அழுத்துவதுபோலவும், நடுவில் சற்றுக் கூடுதலாகவும், மேலே உறுதியாகவும் அழுத்த வேண்டும் என்று பழகியவர்கள் சொல்வது வெறும் வேடிக்கைப் பேச்சு அன்று. பற்றவைக்கும் முன் ஒருமுறை வெறுமனே இழுத்துப் பாருங்கள். உறிஞ்சுகுழலில் தண்ணீர் இழுப்பது போன்ற மிக இலேசான தடை தெரிந்தால் போதும். அதற்கு மேல் தடை இருந்தால் தட்டிக் கொட்டிவிட்டு மீண்டும் நிரப்புவதே மேல், ஏனெனில் அடைத்துக்கொண்ட பைப்பை வலிந்து இழுத்து நாக்கைச் சுட்டுக்கொள்ளாதவரை நான் பார்த்ததில்லை.

இனி வேகம். பைப் புகையைச் சிகரெட் புகையைப்போல நெஞ்சுக்குள் இழுக்கும் வழக்கம் இல்லை. சூடான பானத்தை உதட்டு நுனியால் சுவைப்பதுபோலச் சிறிது சிறிதாக வாய்க்குள் மட்டும் வாங்க வேண்டும். கிண்ணத்தின் வெளிப்புறத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். வைத்தபடி இருக்க முடியவில்லையென்றால் கீழே வைத்து ஆறவிடுங்கள். அணைந்தால் அணையட்டும், மீண்டும் பற்றவைப்பதில் எந்த அவமானமும் இல்லை. ஒரே தீக்குச்சியில் கடைசி வரை புகைத்துக் காட்டுவது ஒரு போட்டித்திறமை. அதற்கும் நாக்கின் நலத்துக்கும் தொடர்பில்லை. வாயில் வைக்கும் தண்டின் முனையைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டால் புகை ஓயாமல் நாக்கின் நுனியிலேயே படுவதையும் தவிர்க்கலாம். களகளவென்று ஓசை கேட்டால் தண்டுக்குள் நீர் சேர்ந்திருக்கிறது. பைப் கிளீனர் எனப்படும் பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டு எடுத்தால் அது பழுப்பு நிறத்தில் நனைந்து வரும், அந்த நீர் நாக்கில் படாமல் போனதே இலாபம்.

இவ்வளவும் செய்து சில வாரங்கள் பார்த்த பின்னும் எரிச்சல் தொடர்ந்தால் அப்போது புகையிலையைச் சந்தேகிக்கலாம். வெர்ஜீனியா இலையில் இயற்கையாகவே சர்க்கரை மிகுதி. வேகமாக இழுப்பவர்களை அது தயவின்றிச் சுடும். பர்லி என்னும் இன்னொரு வகை இலையில் சர்க்கரை மிகக் குறைவு, ஆனால் அதன் புகை காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) உடையது என்பதால் சிலருடைய வாய்க்குச் சூடே இல்லாமலும் அது உறுத்தும். எது உங்களுக்கு ஒத்துவராது என்பதை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். வடிகட்டி வைத்த பைப், நீளத் தண்டுள்ள பைப் ஆகியவை ஓரளவு உதவும். அவசரக்காரரை அவை காப்பாற்றா. ஒருமுறை புகைத்த பைப்பை ஒருநாளாவது உலரவிடுங்கள்.

ஏற்கெனவே புண்ணான நாக்குக்கு மருந்து ஓய்வுதான். சில நாள்கள் பைப்பைத் தொடாமல், மதுவும் காரமும் புளிப்பும் தவிர்த்து, குளிர்ந்த நீரோ பாலோ அருந்தினால் பொதுவாகத் தானே ஆறிவிடும். இங்கே ஒன்றை மழுப்பாமல் சொல்ல வேண்டும்: நான் மேலே சொன்னவை எரிச்சலைக் குறைக்குமே தவிர, ஆபத்தைக் குறைக்காது. புகையை உள்ளிழுக்காவிட்டாலும் பைப் புகைப்பது உதடு, வாய், தொண்டை ஆகியவற்றில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. முற்றாக நிறுத்துவதற்கு ஈடான பாதுகாப்பு வேறில்லை. புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ, தடிப்போ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், அதையும் சூடு பட்டதென்று நினைத்துத் தள்ளிப்போடாமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பைப் பழக்கத்தை அவரிடம் மறைக்க வேண்டாம். சொன்னால்தான் நாக்கின் அடிப்பக்கத்தையும் மேலண்ணத்தையும் சேர்த்துப் பார்ப்பார்.