பேட்டரி எத்தனை நாள் வரும்?

அம்மா, இசிஇ படிக்கும் உங்கள் மகள் கடைசி வருட ப்ராஜெக்டுக்கு ஆர்எஃப்ஐடி டேகை, அதாவது ரேடியோ அலையால் படிக்கப்படும் சின்னச் சிப்பை எடுத்திருக்கிறாள். தூங்கும் சென்சாரை அதைக் கொண்டு எழுப்புவதுதான் வேலை. எல்லாரும் ஏஐ பக்கம் போகும்போது இவள் மட்டும் ஏன் இப்படி என்று கேட்டீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் ப்ராஜெக்டை மாற்றச் சொல்லாதீர்கள்.

கார் கண்ணாடியில் ஒட்டும் ஃபாஸ்டேகும் ஆர்எஃப்ஐடி டேக்தான், அதில் பேட்டரியே கிடையாது. சுங்கச்சாவடி ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே அதற்கு வேண்டிய மின்சாரம் கிடைத்துவிடும். அவள் பிடித்திருப்பது இந்தச் சூட்சுமத்தைத்தான். காட்டுக்குள் வைத்த சென்சாருக்கு வாரா வாரம் போய் யார் பேட்டரி மாற்றுவது? அந்தச் சென்சாரில் சார்ஜை அதிகம் தின்பது, யாராவது கூப்பிடுகிறார்களா என்று ரேடியோ காத்துக் கிடப்பதுதான். அப்படிக் கேட்டுக்கொண்டிருக்க மட்டுமே சில ஜிக்பீ ரேடியோக்கள் (சென்சார்களுக்கான வயர்லெஸ் வகை) சுமார் 20 மில்லி ஆம்பியர் எடுக்கும். 2,500 எம்ஏஎச் பேட்டரி ஐந்தே நாளில் காலி. தூங்க வைத்தால் சில மைக்ரோ ஆம்பியர் போதும், வருடக்கணக்கில் வரும். சரி, தூங்குவதை யார் எழுப்புவது? ரீடரின் அலை பட்டதும் டேக் உயிர்பெற்று, சென்சாரை இயக்கும் சிப்பான கண்ட்ரோலரின் ஒரு பின்னுக்கு சிக்னல் கொடுத்து எழுப்பிவிடும். எட்டும் தூரம் சில மீட்டர்தான். அதனால் ரீடரோடு ஆளோ வண்டியோ அருகில் வந்து போகும் இடங்களுக்கே இது பொருந்தும். இந்தக் குறையையும் அவள் ரிப்போர்ட்டில் எழுதட்டும், மறைக்க வேண்டாம்.

வேலை விஷயத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். சாஃப்ட்வேர் கம்பெனிகள் அளவுக்கு ஹார்டுவேர் கம்பெனிகள் கேம்பஸுக்கு வருவதில்லை, வெளியே தேட வேண்டியிருக்கும். ஆனால் எம்பெடட் (கருவிக்குள் இருக்கும் சிப்புக்கு ப்ரோக்ராம் எழுதும்) வேலை இன்டர்வியூவில், "உன் போர்டு தூங்கும்போது எவ்வளவு கரண்ட் எடுக்கிறது?" என்று கேட்டால், தானே அளந்த எண்ணைச் சொல்பவர்கள் குறைவு. அவள் அதைச் சொல்லட்டும்.

முதலில் சின்னதாகச் செய்யட்டும். என்டேக் ஐ2சி என்ற என்எஃப்சி டேக் சிப்பில், ரீடரின் அலை பட்டால் சிக்னல் கொடுக்கும் ஃபீல்ட் டிடெக்ட் என்று ஒரு பின் உண்டு. என்எஃப்சி உள்ள போனையே ரீடராக அருகில் கொண்டுபோனால் அந்தப் பின் ஈஎஸ்பி32 என்ற கண்ட்ரோலரை எழுப்பும்படி செய்யலாம். ஒரு எச்சரிக்கை: டெவலப்மென்ட் போர்டில் எரியும் சிவப்பு எல்இடியும் ரெகுலேட்டரும் தூக்கத்திலும் மில்லி ஆம்பியர் கணக்கில் எடுக்கும். இது தெரியாமல் ப்ரோக்ராமில் தப்பு தேடி ராத்தூக்கம் கெடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எல்இடியைக் கழற்றிவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், டேக் அலையைப் பிடிப்பது ஆன்டெனாவால்தான் என்பதால், ஆன்டெனா பேப்பரில் பாஸ் மார்க் போதும் என்று அவள் விட்டுவிடக் கூடாது. நீங்கள் ஒரு மல்ட்டிமீட்டர் வாங்கிக் கொடுங்கள், மைக்ரோ ஆம்பியர் அளக்குமா என்று டயலைப் பார்த்து.